புள்ளி வைத்த காராமணி

2 மே

அன்புள்ள வண்டுக்காரிக்கு,

நலம். "போன்ல பேசினா சண்டையிலதான் முடியுது, கடுதாசி போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். போட்டுவிட்டேன். ஆய்வுக்கூடத்துப் பூச்சிகளோடு குடித்தனம் நடத்த முடிகிறது, என்னோடு முடியவில்லை உனக்கு!

நல்ல செய்தி ஒன்று. ஆறு வருஷமாக நாம் இருவரும் பொறுக்கித் தேற்றிய காராமணியில், இந்த முறை பாதிக்கு வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கிறது. புது ரகம்! புள்ளி வைத்ததை மட்டும் விதைக்கென்று ஜாடியில் போட்டு மூடினேன். மற்றதை வேகவைத்துத் தின்றே தீர்த்தேன். ஜூன் கடைசியில் விதைப்பு. அன்றைக்கு வந்து, சேர்ந்திருப்பதா பிரிவதா என்று முடிவு சொல்கிறேன் என்றாயே, மறக்காதே.

உன்னவன்

14 மே

அன்புள்ள உங்களுக்கு,

அது ரகமில்லை, பயறு வண்டின் முட்டை. வெள்ளையாகத் தெரிந்தால் புழு பொரிந்து விதைக்குள் போய்விட்டது என்று அர்த்தம். மூன்று நான்கு வாரம் உள்ளேயே தின்று, வண்டாகித்தான் வெளியே வரும். வந்த கையோடு ஜோடி சேர்ந்து, ஆளுக்கு எண்பது முட்டை ஒட்டும். ஜாடியை ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். புழு சாகும், விதை பிழைக்கும்.

உங்கள் கடிதம் வந்து சேரப் பன்னிரண்டு நாள். இது உங்கள் கைக்கு வருவதற்குள் புழு வண்டாகிவிடும். அதனால்தான் பதினோரு முறை போன் அடித்தேன். எடுங்களேன்.

நான்

29 மே

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நாலு நாள் முன்பே ஜாடிக்குள் வண்டு மொய்த்துவிட்டது. ஒவ்வொரு மணியிலும் கடுகளவு ஓட்டை, உள்ளே வெறும் மாவு. முளைக்கப் போட்டேன். ஒன்றுகூட எழவில்லை.

போன் அடித்தது கேட்டது. விடாமல் அடிக்க வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு? விலகிக்கொள்ளலாம் என்று சொல்லப்போகிறாய் என்று பயந்து, எடுக்காமல் வயலுக்குப் போய்விட்டேன்.

நீ வாங்கிவைத்த ராஜ்மாவிலும் அதே புள்ளி. ஆனால் ஓட்டை இல்லை. அதை விதைக்கட்டுமா? வருவாயா?

உன்னவன்

12 ஜூன்

அன்புள்ள உங்களுக்கு,

விதையுங்கள். ராஜ்மாவுக்குள் போகிற புழு வளராது, செத்துவிடும். தாய் வண்டுக்கு அது தெரியாது. அதிலும் ஒட்டிவிட்டுப் போகும்.

கோபமில்லை. நான் வாயைத் திறந்தாலே சண்டைக்குத்தான் என்று நினைத்தீர்கள், கல்யாணமான நாளிலிருந்தே. அன்றைக்குப் போனில் சொல்ல வந்தது ஒரே வார்த்தை: ஃப்ரீசர்.

விதைப்புக்கு வரமாட்டேன். இதுதான் முடிவு. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

நான்

20 ஜூலை

அன்புள்ள வண்டுக்காரிக்கு,

ராஜ்மா நன்றாக முளைத்திருக்கிறது. உன் முடிவைப் படித்ததும் நான் போட்ட கடிதத்துக்கு இன்னும் உன் பதில் வரவில்லை.

நானே போன் செய்யலாம். எடுத்தால் என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. இப்போதெல்லாம் போனுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுச் சாப்பிடுகிறேன். திட்டுவதற்கு என்றாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

உன்னவன்