சுக்கு போன வீடு

ஹட் பே, லிட்டில் அந்தமான்
4 மே 2024

மதிப்பிற்குரிய சகோதரி வசந்தகுமாரி அவர்களுக்கு,

ஹட் பே பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அப்துல் கனி எழுதுவது. இங்கே நானும் என் மனைவி சம்சாத்தும் சுகம். உங்களுக்கும் உங்கள் முற்றத்தில் வளரும் குட்டிகளுக்கும் அதே சுகம் வேண்டுகிறேன்.

போன வாரம் போனில் நாய்க்குட்டி கேட்டேன். "குட்டி வேணும்னா லெட்டர் போடுங்க பாய். வீட்ல யார் யாரு, அது எங்க படுக்கும், எல்லாம் எழுதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். கடிதம் எழுதிப் பல காலம் ஆயிற்று. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் முற்றம். முற்றத்து ஓரமாகக் குடோன். அங்கே இரண்டு தடவை கம்பி திருடு போய்விட்டது. அதனால்தான் காவலுக்கு ஒரு நாய். கறுப்பு ஆணாக, பலசாலியாக இருந்தால் நல்லது. பகலில் சங்கிலியில் கட்டி, இரவில் அவிழ்த்து விடுவேன். சோறும் மீனும் குறையாமல் கிடைக்கும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எங்களுடையது தொழுகை நடக்கிற வீடு. நாய் முற்றத்தோடு சரி, உள்ளே வராது. மறைத்துச் சொல்லி வாங்க எனக்கு விருப்பமில்லை.

பதிலை எதிர்பார்க்கும்
அப்துல் கனி


மின்னி பே, போர்ட் பிளேர்
19 மே 2024

கனி பாய் அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. பிழை ஒன்றும் இல்லை, கையெழுத்தும் அழகு. ஆனால் குட்டி தருவதற்கில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நாய் வீட்டுக்குள் வராது என்றீர்கள். அது எனக்குப் பெரிய விஷயமில்லை. முற்றத்திலேயே ராஜா மாதிரி வாழ்கிற நாய்களைப் பார்த்திருக்கிறேன். சங்கிலிதான் இடிக்கிறது. பகல் முழுக்கக் கட்டிக் கிடக்கிற நாய்க்கு நாலு முழ வட்டம்தான் உலகம். கம்பிக்குக் காவல் வேண்டுமென்றால் உங்கள் கடையிலேயே நல்ல பூட்டு இருக்குமே.

இப்போது இருக்கிற குட்டிகள் ஜங்லிகாட் மீன் இறங்கு துறையில் ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் கிடந்தவை. மூடியை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். ஆனால் மூச்சுவிட ஓட்டைகள் போட்டிருந்தார்கள். போட்டவரை எனக்குத் திட்ட வரவில்லை. அவருக்கு மனசு இருந்திருக்கிறது, இடம்தான் இல்லை. இரண்டும் இருக்கிற வீடாகத் தேடுவதுதான் என் வேலை. காலையில் பள்ளி நூலகம், மற்ற நேரமெல்லாம் இதுதான்.

சம்சாத் சகோதரிக்கு என் அன்பு.

வசந்தகுமாரி


ஹட் பே
2 ஜூன் 2024

சகோதரிக்கு,

உண்மையைச் சொல்கிறேன், உங்கள் கடிதம் படித்து முகம் சுருங்கிவிட்டது. பஜாரில் கனி பாய்க்கு இல்லை என்று சொன்னவர்கள் குறைவு. சம்சாத்திடம் காட்டினேன். அவள் என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். படித்துவிட்டு, "அந்தம்மா சொல்றது சரிதானேங்க. உங்கள நாள் பூரா கல்லாவுல கட்டிப் போட்டா, சாயங்காலம் வர்றவன் போறவன் மேல விழுவீங்கல்ல" என்று சிரித்தாள். சில நாள் சாயங்காலங்களில் அப்படி விழுவதும் உண்டுதான்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். முற்றத்தைச் சுற்றித் தகரவேலி அடித்துவிட்டேன். சங்கிலி கிடையாது. குடோனுக்கு நல்ல பூட்டும் போட்டாயிற்று. இப்போது காவலுக்கு நாய் தேவையில்லை. ஆனாலும் வேலி போட்ட முற்றம் காலியாகக் கிடப்பது ஒரு மாதிரி இருக்கிறது என்கிறாள் சம்சாத். எங்கள் ஒரே மகள் அப்ஸானா கல்யாணமாகி மெயின்லேண்ட் போனதிலிருந்து, மாலையில் எங்கள் வீட்டில் பேச்சுச் சத்தம் குறைவு.

இனி உங்கள் விருப்பம்.

அப்துல் கனி


மின்னி பே
20 ஜூன் 2024

கனி பாய்க்கு,

தகரவேலியின் கீழ் விளிம்பு காலைக் கிழிக்காமல் மடித்து விட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் மடித்து வையுங்கள்.

குட்டியை நானே கொண்டு வருகிறேன். யாரிடமும் கொடுத்தனுப்புவதில்லை. முப்பதாம் தேதி கப்பலில் டெக் டிக்கெட் கிடைத்திருக்கிறது. நீங்கள் கேட்ட கறுப்பு ஆண் அல்ல. அது வண்டூரில் படகு ஓட்டும் ஹரிஹரனுக்குப் பொருத்தம், அவரைப் போலவே சும்மா இருக்காது. உங்களுக்குக் கொண்டு வருவது சின்னப் பெட்டை, சுக்கு நிறம். சத்தமாகப் பேசினால் நடுங்கும். மனைவி சொன்னது சரி என்று எழுதி அனுப்புகிற மனுஷன் வீட்டில் சத்தம் அதிகம் இருக்காது என்று நினைக்கிறேன்.

வசந்தகுமாரி


ஹட் பே
3 ஜூலை 2024

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். கடல் அன்றைக்கு இருந்த இருப்பில் கப்பலிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் துறைமுக ஜெட்டியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நீங்கள் மட்டும் முழுக்க நனைந்து, மடியில் வைத்திருந்த கூடை நனையாமல் இறங்கி வந்தீர்கள். நான் சலாம் சொல்வதற்கு முன்னால் "குட்டிக்குத் தண்ணி இருக்கா பாய்" என்றுதான் கேட்டீர்கள்.

வீட்டுக்கு வந்து பிரியாணி ஆறிக்கொண்டிருக்க, முற்றத்தில் தரையோடு தரையாக உட்கார்ந்து, குட்டியின் கண் மட்டத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தீர்கள். என் கடையில் கீழ்த்தட்டில் எலி மருந்து இருப்பதை அங்கிருந்தே கண்டுபிடித்தீர்கள். "இத எடுத்தாத்தான் சாப்பிடுவேன்" என்றதும் எடுத்துவிட்டேன். பஜாரில் இதுதான் இப்போது பேச்சு. அங்கங்கே ஆபீசர்கள் வந்து கடையைச் சோதிப்பார்கள், கனி பாய் கடையை நாய்க்குட்டிக்காக ஒரு அம்மா சோதித்தாராம் என்கிறார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. பெற்ற பெண்ணுக்கு மாப்பிள்ளை வீடு பார்த்தபோது நான் இவ்வளவு பார்க்கவில்லை.

சம்சாத் அதற்குச் சுக்கு என்றே பெயர் வைத்துவிட்டாள். காலையில் அவள் கோலமாவு நிறத் துப்பட்டாவின் நுனியைப் பார்த்தாலே வாலாட்டுகிறது.

அப்துல் கனி


ஹட் பே
8 ஜூலை 2024

சகோதரிக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சுக்கு போய்விட்டது.

வெள்ளிக்கிழமை சாப்பிடவில்லை. பிறகு வாந்தி, அதன் பின் ரத்தமாகப் போயிற்று. புயல் காற்றில் டவர் விழுந்து போன் எதுவும் வேலை செய்யவில்லை. கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் லீவு. வங்காளிக் கம்பவுண்டர் வந்து சலைன் ஏற்றினார். "முஷ்கில் ஹை, பாய்", பிழைப்பது கஷ்டம் என்று தலையாட்டினார்.

சம்சாத் பின்படியில் ஓலைத் தடுப்புக் கட்டி, அங்கேயே பாயை விரித்துக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு தொழுகைக்கும் எழுந்து குளித்து, உடை மாற்றித் தொழுதுவிட்டு, மறுபடி பழைய உடையை உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "கொஞ்சம் படு" என்றேன். "அது என் துணிய புடிச்சிட்டு இருக்குங்க" என்றாள். ஞாயிறு மதியம் பிடி விட்டது.

நீங்கள் நம்பிக் கொடுத்ததை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. எங்கள் வீட்டில் எதனால் வந்தது என்று தேடித் தேடிப் பார்க்கிறேன், தெரியவில்லை. இது ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும் நோய் என்று கம்பவுண்டர் சொன்னார். கூடப் பிறந்தவை அங்கே உங்களிடம் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பாருங்கள். போன் இல்லாததால் கப்பலில் வேலை செய்யும் செந்தமிழனிடம் இதைக் கொடுக்கிறேன். இறங்கியதும் நேரே உங்கள் கையில் தரச் சொல்லியிருக்கிறேன்.

அப்துல் கனி


ஹட் பே
10 ஆகஸ்ட் 2024

சகோதரிக்கு,

டவர் வந்த பிறகு சில தடவை அழைத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. கோபம் இருந்தால் அது நியாயம்தான். மற்ற குட்டிகள் சுகமா என்று மட்டும் ஒரு வரி எழுதினால் போதும். சம்சாத் தினமும் கேட்கிறாள். முற்றத்துப் பக்கக் கதவை அவள் இப்போது திறப்பதில்லை.

அப்துல் கனி


மின்னி பே
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள கனி பாய்க்கும் சம்சாத் சகோதரிக்கும்,

கோபம் இல்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்து எழுந்து போன நாட்கள் நிறைய.

அந்த நோய் உங்கள் வீட்டில் பிடித்ததல்ல. என் முற்றத்திலிருந்து சுக்கோடு கப்பலேறி வந்தது. அதற்கு முந்தைய வாரம் யாரோ என் வாசல் கேட் அருகில் விட்டுப்போன குட்டி ஒன்றை உள்ளே சேர்த்தேன். அதனிடமிருந்து பரவியிருக்கிறது. முதல் ஊசி மட்டும் போட்ட நிலையில் சுக்கைக் கொண்டு வந்தேன். நீங்கள் தேடித் தேடிப் பார்த்தேன் என்று எழுதியதைப் படித்து என்னால் தாங்க முடியவில்லை.

செந்தமிழன் ஜெட்டியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து கடிதத்தைக் கொடுத்தபோது, இங்கே எல்லாம் ஓடி விளையாடிக்கொண்டிருந்தன. நோய் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்லியிருக்க முடியாது. டாக்டர் சந்திரமோகனை உடனே வரச் சொன்னேன். அன்று சாயங்காலமே பாதிக் குட்டிகளைப் பக்கத்து வீட்டு அங்கம்மாவின் கொட்டகைக்கு மாற்றினோம். இரண்டு நாளில் என் முற்றத்தில் ஆரம்பித்தது. இங்கிருந்தவற்றில் பலவற்றை இழந்தேன். அங்கம்மா கொட்டகைக்குப் போனவை எல்லாம் பிழைத்தன. ஒரு நாள் தாமதமாகியிருந்தால் அவையும் இல்லை என்றார் டாக்டர்.

ஒன்று சொல்கிறேன் பாய். கொடுத்த குட்டி செத்துப்போனால் யாரும் சொல்வதில்லை. விசாரித்தால் "நல்லா இருக்கு மேடம், விளையாடுது" என்பார்கள். குரலை வைத்து நானே புரிந்துகொள்வேன். நீங்கள் புதைத்த மறுநாள் உட்கார்ந்து எழுதினீர்கள், அதிலும் மற்றவற்றைப் பார் என்றீர்கள். இத்தனை காலமாக வீடுகளை நான் சோதித்து வருகிறேன். இப்படி ஒரு வீட்டை எந்தச் சோதனையாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. சம்சாத் சகோதரி அந்தப் படியில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால், எழுந்து நின்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

பிழைத்தவற்றுக்கு வீடு கிடைத்துவிட்டது. கறுப்பன் வண்டூரில் ஹரிஹரனின் படகு முனையில் உட்கார்ந்து பயணிகளுக்குப் போஸ் கொடுக்கிறான். ஒன்று நர்ஸ் சுகுணா வீட்டில் அவர் டியூட்டிக்குப் போகவிடாமல் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. இன்னொன்றை ஓய்வு பெற்ற ஒரு மலையாளத் தம்பதி கேட்டு வாங்கினார்கள். இப்போது அதற்கு மலையாளம் மட்டும்தான் புரிகிறது.

உங்கள் மண்ணில் நோய் இன்னும் பல மாதம் கிடக்கும். குட்டி கூடவே கூடாது. ஆனால் எல்லா ஊசியும் போட்டு முடித்த வளர்ந்த பெட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. தாயை இழந்த எத்தனையோ குட்டிகளுக்குத் தன் பாலைக் கொடுத்தது. இத்தனை வருஷத்தில் அதை மட்டும் யாரும் கேட்டதில்லை, குட்டியாக இல்லையே. நீங்களும் கேட்க வேண்டும் என்று இல்லை. கதவைத் திறக்க மனம் வரும்போது சகோதரி சொல்லட்டும். வராவிட்டாலும் நம் கடிதங்கள் நிற்க வேண்டாம்.

வசந்தகுமாரி


ஹட் பே
17 நவம்பர் 2024

அன்புத் தங்கை வசந்தகுமாரிக்கு,

சகோதரி என்று எழுதி எழுதித் தூரமாக இருக்கிறது. இனி தங்கை.

உன் கடிதத்தைச் சம்சாத் பல நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். ஒருநாள் சோறு போடும்போது தானாகச் சொன்னாள்: "வரச் சொல்லுங்க. பெருசுன்னா என்ன, நாம மட்டும் குட்டியா?" அதைத்தான் அன்று போனில் உன்னிடம் சொன்னேன்.

அதை இங்கே கொண்டுவந்து விட்டு நீ கப்பலேறிப் போன பிறகு, அது ஒரு நாள் முழுக்க வேலியோரம் நின்று ஜெட்டிப் பக்கமே பார்த்தது. நாங்கள் கூப்பிடவில்லை. சம்சாத் பின்கதவைத் திறந்து வைத்து, படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அது வந்து, ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வதைப் பார்த்தது. அப்ஸானாவிடம் வீடியோ காலில் காட்டினோம். "உம்மா, இது உங்கள மாதிரியே மொறைக்குது" என்றாள். நாங்கள் மூவரும் அவ்வளவு நேரம் பேசிப் பல நாள் ஆயிற்று.

பெயர் இன்னும் வைக்கவில்லை. சம்சாத் "ஏம்மா" என்று கூப்பிடுகிறாள். அது திரும்பிப் பார்க்கிறது. அதுவே போதும் போலிருக்கிறது.

நேற்று மதியம் சாப்பிட எழுந்தேன். கடையிலிருந்து முற்றத்தில் இறங்கும் வாசலுக்குக் குறுக்கே, கால்களை நீட்டி நல்ல உறக்கத்தில் கிடந்தது. வந்ததிலிருந்து அப்படி அயர்ந்து தூங்கி நான் பார்க்கவில்லை. தாண்டிப் போகலாம் என்று காலைத் தூக்கினேன். வீட்டுப் படியிலிருந்து சம்சாத் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தூங்குதுங்க. எழுப்பாதீங்க, சுத்தி வாங்க."

கடையின் முன்பக்கம் இறங்கி, வெயிலில் பஜார் தெருவில் நடந்து, சந்து வழியாகத் திரும்பி என் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். சாப்பிட்டு அதே வழியாகத் திரும்பி வந்தேன்.

உன் அண்ணன்
அப்துல் கனி