ஐம்பது மீட்டர் பொய்

ஆரல்வாய்மொழி,
ஆனி 18, புதன்

அய்யா உண்டு.

அன்பு மகள் ஜிஷாவுக்கு அப்பா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மையும் அய்யா புண்ணியத்தில் சுகம். டென்மார்க்கில் நீ சுகமாயிருப்பதைத் தினமும் வாட்ஸ்அப்பில் பார்க்கிறோம், என்றாலும் கேட்கிற முறைக்குக் கேட்கிறேன், சுகம்தானே மக்களே? போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மை ஸ்பீக்கரில் போடுவாள், இது அவள் காதுக்குப் போகக் கூடாத சங்கதி. அதனால் மின்சாரக் காற்றாடிக் காவல் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், நம்ம டெக்னீசியன் சஜின் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவான். படித்ததும் அழித்துவிடு.

முதலில் அந்த நாமப்பொடி. ஆறு வாரக் காற்றாடிப் படிப்பென்றாலும் பிள்ளையின் நெற்றி வெறுமையாக இருக்கக் கூடாதே என்று, அய்யா கோயிலில், நம் பதியில் வாங்கிய வெள்ளை நாமத்தைப் பொட்டலம் கட்டி உன் பெட்டியில் வைத்தது நான்தான். வெள்ளைப் பொடியைப் பார்த்தால் வெளிநாட்டுக்காரன் என்ன நினைப்பான் என்று எனக்கென்ன தெரியும்? ஏர்போர்ட்டில் நாயைக் கொண்டுவந்து மோப்பம் பிடிக்க வைத்து, பொட்டலத்தையும் பறித்துக்கொண்டார்கள் என்று நீ சொன்னதும் உன் அம்மை என்னை முறைத்தாள், நான் அடுக்களைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்த நாய்க்கும் அய்யா அருள் கிடைத்திருக்கும்.

இனி முக்கியமான விஷயம். வெள்ளிக்கிழமை உங்கள் வகுப்பில் எல்லோரும் காற்றாடி மேல் ஏற வேண்டுமாம், நீ மட்டும் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள்ளப் போகிறாயாம். அப்பா பதினேழு வருஷமா ஏறுதாரு, எனக்கு நினைச்சாலே காலு நடுங்குது, அவரு மொவளுன்னு சொல்லவே வெக்கமாட்டு இருக்கு என்று அம்மையிடம் அழுதாயாமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மக்களே, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நான் ஏறியதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த வருஷம் பத்துப் படி ஏறினேன், தலை சுற்றியது, இறங்கிவிட்டேன். கேட்டைத் திறந்து பூட்டுவதுதான் என் வேலை. மேலே நின்றால் கடல் தெரியும் கப்பல் தெரியும் என்று உன்னிடம் அளந்ததெல்லாம் ஏறியவர்கள் சொல்லிக் கேட்டது. அதை நம்பித்தான் நீ இந்தப் படிப்பையே எடுத்தாய், அதை நம்பித்தான் இப்போது உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைக்கிறாய்.

அதனால் இன்று காலையில் ஏறிவிட்டேன்! ஏழாம் நம்பர் காற்றாடியை ரிப்பேருக்கு நிறுத்தியிருந்தார்கள், காற்றும் கொஞ்சம் அடங்கியிருந்தது. சூப்பர்வைசர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, பெல்ட்டும் ஹெல்மெட்டும் மாட்டி, சஜினுக்குப் பின்னால் ஏணியில் ஏறினேன். பாதியில் கண்ணை மூடிக்கொண்டு சிவசிவா அரகரா என்று தொடங்கிவிட்டேன். அண்ணே, பாட்டு நல்லாத்தான் இருக்கு, காலையும் தூக்கி வையும் என்கிறான் சஜின். ஐம்பது மீட்டர்! மேலே மூடியைத் திறந்து தலையை நீட்டினால் பொய்கை அணை, தோவாளைப் பூந்தோட்டம், நம் வீட்டு மாடியில் அம்மை காயப்போட்ட சிவப்புச் சேலை. கடலும் தெரிந்தது மக்களே, நான் அளந்தது பொய் இல்லை, கப்பல் மட்டும்தான் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் நான் கூவிய கூவலில் சஜின் பயந்தேபோனான். இதை எழுதும்போதும் சிரிப்பு அடங்கவில்லை.

கால் நடுக்கம் நிற்கவே நிற்காது, நடுங்கிக்கொண்டேதான் ஏற வேண்டும். நாமம் போய்விட்டதே என்று கவலைப்படாதே, பதியில் கண்ணாடியைப் பார்த்து நமக்குள் இருக்கிற அய்யாவைத்தானே கும்பிடுகிறோம், வெள்ளிக்கிழமை காலை உன் அறைக் கண்ணாடி முன்னால் ஒரு நிமிஷம் நில். ஏற முடியவில்லையா, பயமாயிருக்கிறது என்று சொல்லி இறங்கு, காய்ச்சல் என்று மட்டும் சொல்லாதே. அந்தப் பொய்யை அப்புறம் வருஷக்கணக்கில் சுமக்க வேண்டும். வயிற்றைக் காயப் போடாதே, ஈரத்தலையோடு வெளியே போகாதே, பெல்ட் கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார். அய்யா உன்னை ஊரே அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் வைப்பார்.

அன்பு அப்பா,
சுயம்புராஜ்

ஏட்டி ஜிஷா, அம்ம எழுதுகேன். சோறு கொண்டுவந்த இடத்துல, சஜின் போட்டோ பிடிக்க முன்னே வாசிச்சாச்சு. அவரு ஏறலேன்னு எனக்கு அப்பமே தெரியும், தென்னையில ஏணி வச்சா கீழ நின்னு பிடிக்கிய ஆளு. இன்னைக்கு ஏறினதும் தெரியும், சேல காயப்போட்டவ மேல பாக்க மாட்டாளா? கூவினது மாடி வர கேட்டுது. நீ பயப்படாண்டாம் மக்கா. மேல போயி நல்லாக் கூவு. எனக்கு இங்க கேக்கும்.