மார்ச் மூன்றாம் தேதி மனசு

சுப்பீரியர், விஸ்கான்சின்
21 அக்டோபர் 1984

லோயிஸுக்கு அம்மா எழுதுவது.

பஸ்ஸில் பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஏரிக்கரை மோட்டல் ஒன்றில் துணி துவைக்கும் வேலை கிடைத்திருக்கிறது. பின்கட்டில் ஓர் அறையும் கொடுத்திருக்கிறார்கள். அறுபது வயதில் ஊரார் படுத்த விரிப்பைத் துவைக்கப் போனாளே என்று நீ சிரிக்கலாம். உழைத்துத் தின்பதில் கேவலம் ஒன்றும் இல்லை.

நீ சொன்னது மட்டும் நெஞ்சை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. வியாழக்கிழமை ஆட்டத்துக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் ஷூ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காசு வாங்கும் கவுண்டர் முன்னால் நின்று சொன்னாய்: "முப்பது வருஷமா அப்பா கட்டிக் காத்த பௌலிங் கூடத்த மூணே வருஷத்துல ஒழிச்சுட்டே. அவருக்குப் பதிலா நீ போயிருக்கலாம்." வங்கியில் கடன் வாங்கியது தப்பாகவே இருக்கட்டும். பந்து உருட்டும் எட்டு லேனுக்கும் புது மெஷின் போட்டால் கூட்டம் வரும் என்று நம்பினேன். வரவில்லை. அதற்காகத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பெற்றவளைச் சாகச் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது?

செத்தாலும் இனி அந்த வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன். நீயும் உன் புருஷன் ராயும் குழந்தைகளும் அங்கே தாராளமாக இருங்கள்.

வெர்னா ஹாகன்

பி.கு. (பின்பக்கம்) குளிர்காலத்துக்கு மாட்டுகிற வெளி ஜன்னல்களில் உன் அப்பா எண் போட்டு வைத்திருக்கிறார். ஏழாம் எண் இறுகிக்கொள்ளும். சட்டத்தில் சோப்பு தேய்த்து மாட்டச் சொல். மாடிக் குழாய் உறைந்துவிடாமல் பனி நாளில் சொட்ட விடு. ஆற்றைப் பார்த்த ஜன்னலோரம் இருக்கும் என் நாற்காலியை யாரும் நகர்த்தக் கூடாது.

*

எல்க் ஹாலோ
30 ஏப்ரல் 1986

அன்புள்ள அம்மாவுக்கு,

ஒன்றரை வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுகிறாளே, என்ன காரியமோ என்று நினைப்பாய். காரியம்தான் அம்மா. எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

மார்ச் மூன்றாம் தேதி நீ திவாலாகி மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டாய் என்று நீதிமன்றத்திலிருந்து காகிதம் வந்தது. பௌலிங் கூடம் போகும் என்பது தெரிந்ததுதானே. நேற்று கெஸ்லர் என்று ஒருவர் வந்தார். உன் சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கு போட நியமித்த பொறுப்பாளராம். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குடியிருக்கிற வீட்டுல யாரும் கை வைக்க முடியாதும்மா, சட்டம் அது. ஆனா உங்கம்மா இங்க குடியில்லையே. சும்மா கொஞ்ச நாளைக்குப் போயிருக்காங்க, திரும்பி வர்ற எண்ணம் இருக்குன்னா சரி. இல்லாட்டி இத வித்துத்தான் ஆகணும்."

ராய் அவர் முன்னாலேயே கண் கலங்கிவிட்டார். போன வருஷம் ஜனவரியில் காட்டில் மரம் சாய்ந்து முதுகில் விழுந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சர்ச் ஆட்கள் சொல்லி உனக்குத் தெரிந்திருக்கும். உன் கம்பளி வந்தது, உள்ளே கடிதம் இல்லாமல். முன்னறையில் அவருக்குக் கட்டில் போட்டிருக்கிறோம். ஜன்னலோரம் உன் நாற்காலி இருப்பதால் கட்டில் குளியலறைக் கதவை ஒட்டிக் கிடக்கிறது. நகர்த்தக் கூடாது என்றாய், நகர்த்தவில்லை. வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பலகை அடித்திருக்கிறோம். இந்த வீடு போனால் நாங்கள் நாலு பேரும் நடுத்தெருவில்தான்.

திரும்பி வருவேன் என்று கோர்ட்டில் சொல்லு அம்மா. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

நாம் எழுதிக்கொண்ட கடிதங்களையும் கெஸ்லர் கேட்கிறார். இருப்பது ஒன்றுதான். எது என்று உனக்குத் தெரியும்.

லோயிஸ்

*

சுப்பீரியர்
6 மே 1986

லோயிஸுக்கு,

கடிதம் வந்தது. ராய்க்கு முதுகுப் புண் வந்துவிடாமல் பார்த்துக்கொள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வை.

'வருவேன் என்று சொல்லு' என்று எழுதியிருக்கிறாய். 'வா' என்று எழுதவில்லை. மூன்று தரம் படித்துப் பார்த்தேன், எங்கும் இல்லை. போகட்டும்.

என் வக்கீல் டோர்னிடம் கேட்டேன். சின்னப் பையன்தான், ஆனால் விவரமாகப் பேசுகிறான். "இப்ப என்ன நினைக்கிறீங்கங்கிறது பேச்சே இல்லங்க. மனு போட்ட அன்னைக்கு, மார்ச் மூணாம் தேதி, உங்க மனசுல என்ன இருந்துச்சு? அது ஒண்ணுதான் கேள்வி. அதுக்கு அப்புறம் மனசு மாறினாலும் தீர்ப்பு மாறாது," என்றான். "என் மனசுல இருந்தது நீதிபதிக்கு எப்படிப்பா தெரியும்?" என்றேன். "வீட்டுக்குத் திரும்புற எண்ணம் இல்லேன்னு கெஸ்லர்தான் நிரூபிக்கணும். அவரு சாட்சி, கடுதாசின்னு எதையாவது தேடிப் பிடிப்பாரு," என்றான்.

அன்று என் மனதில் என்ன இருந்தது என்பதை உனக்கு எழுத மாட்டேன். நீதிபதி கேட்டால் அவருக்குச் சொல்கிறேன்.

என் பழைய கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. அது கெஸ்லர் கைக்குப் போனால் வீடு அவ்வளவுதான். நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடாதே.

வெர்னா

*

எல்க் ஹாலோ
14 ஜூன் 1986

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதத்தைக் கொளுத்தவில்லை. இரண்டு தரம் அடுப்பைத் திறந்தேன். "போடு லோயிஸ், ஒத்தைத் தாள்தானே, யாருக்குத் தெரியப் போவுது," என்று ராய் கட்டிலிலிருந்து கெஞ்சினார். அவர் எதற்கும் கெஞ்சுகிற ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும். ஆனால் கூண்டில் ஏற்றி, கடிதம் ஏதாவது இருந்ததா என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்பார்களாம். இந்த வாயால் ஒரு தரம் பாவம் செய்தது போதும் என்று தோன்றியது. கெஸ்லரிடம் கொடுத்துவிட்டேன்.

முன்பக்கத்தைப் படித்துவிட்டு, "இது போதும்மா," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். உடனே ஊரில் வாடகை வீடு தேடினேன். இருக்கிற மூன்றுமே மாடி வீடு. மாவட்டக் காப்பகத்தில் ராயை மட்டும் சேர்த்துக்கொள்வார்களாம், எங்களை அல்ல. பெரியவள் தன் பொம்மைகளை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

வீட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன் என்று நீ நினைத்தால் அதில் தப்பே இல்லை. விசாரணை இருபத்தாறாம் தேதி, ஓ க்ளேர் ஊர்க் கோர்ட்டில், காலை பத்து மணிக்கு.

லோயிஸ்

*

எல்க் ஹாலோ
12 ஜூலை 1986

அன்புள்ள அம்மா,

வீடு தப்பித்தது. நேற்றுத் தபாலில் தீர்ப்பு வந்தது. உன் வக்கீலும் அனுப்பியிருப்பார், இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும் போல் இருக்கிறது.

விசாரணை அன்று, செத்தாலும் மிதிக்க மாட்டேன் என்ற வரியைக் கெஸ்லர் உன்னிடம் காட்டி, "இத எழுதினது நீங்கதானே?" என்றார். "நான்தான். அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு," என்றாய். "மார்ச் மூணாம் தேதி?" என்றார். "வெக்கத்த விட்டுச் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போகணும்னுதான் இருந்துச்சு. மூணாம் தேதியும் இருந்துச்சு," என்றாய். எனக்கு எழுதாததை ஊர் பேர் தெரியாதவர்கள் நடுவில் சொன்னாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

நீதிபதி என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? கோபத்தில் எழுதிய வரியை மட்டும் வைத்து ஒருவர் எண்ணத்தை அளக்க முடியாதாம். தாளைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். திரும்பி வராதவளுக்கு ஏழாம் எண் ஜன்னலைப் பற்றி என்ன கவலை, தன் நாற்காலி எங்கே இருந்தால் என்ன என்று கேட்டிருக்கிறார். அந்த நாற்காலி இன்றும் அங்கேயே இருக்கிறது என்று நான் சொன்னதையும் குறித்திருக்கிறார். எரிக்கச் சொன்னாயே, அந்தக் கடிதம்தான் அம்மா வீட்டைக் காப்பாற்றியது.

இனி நான் சொன்ன சாட்சியைப் பற்றி. அது முடிந்ததும் நீ பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டாய். ஏன் என்று எனக்குத் தெரியும். "மூணாம் தேதி உங்கம்மா வந்து கதவத் தட்டியிருந்தா உள்ள கூப்பிட்டிருப்பீங்களா?" என்றார் கெஸ்லர். நான் பேசாமல் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடைசியில் "அது அவங்க வீடுங்க," என்றேன். ஆமாம் என்று ஒரு சொல், அது என் வாயில் வரவில்லை. பைபிள் மேல் கை வைத்திருந்தேன், பொய் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் தைரியம் இல்லை. உண்மை என்னவென்றால், மார்ச் மாதத்தில் நான் கூப்பிட்டிருக்க மாட்டேன். நான் சொன்ன சொல்லுக்குப் பிறகு உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்ற பயம், அதன் மேல் வீம்பு. இப்போது இரண்டும் இல்லை.

அன்று கவுண்டர் முன்னால் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு. உன் அறையைக் கழுவி விட்டிருக்கிறேன். போன கடிதங்களில் இல்லாததை இதில் எழுதுகிறேன்: வா அம்மா. வீட்டுக்கு வா.

உன் மகள்
லோயிஸ்

*

சுப்பீரியர்
19 ஜூலை 1986

அன்புள்ள லோயிஸுக்கு,

தீர்ப்பைப் படித்தேன். நீதிபதி நல்ல மனுஷர். நானே அறியாமல் எழுதியதைப் படித்திருக்கிறார்.

உன்னை மன்னித்துவிட்டேன். இன்று நேற்றல்ல, முதல் குளிர்காலத்திலேயே. அதனால்தான் மூன்றாம் தேதியைப் பற்றி என்னால் பொய் இல்லாமல் சொல்ல முடிந்தது. நீயும் கூண்டில் பொய் சொல்லவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, கண்ணு. நம்பிக்கொள்.

ஆனால் மன்னிப்பது வேறு, வருவது வேறு. அன்று நீ பேசாமல் நின்றாயே, அந்த நேரம் முழுவதும் நான் உன்னைப் பெற்றவள் மாதிரி உட்கார்ந்திருக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று தட்டுகிறவளாக உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் வர நினைத்தேன், நீ திறந்திருக்க மாட்டாய். இன்றைக்கு நீ திறந்து வைத்திருக்கிறாய், எனக்குக் கால் வரவில்லை. நீதிபதி கேட்டது மார்ச் மூன்றாம் தேதி மனசை. நல்லவேளை, இன்றைய மனசை யாரும் கேட்கவில்லை.

வீட்டை உன் பேருக்கு எழுத டோர்னிடம் சொல்லிவிட்டேன். தீர்ப்பு வந்துவிட்டதால் இனி யாரும் அதில் கை வைக்க முடியாதாம். பெரியவளிடம் பெட்டியைப் பிரிக்கச் சொல். பதில் எழுதி என்னை வற்புறுத்தாதே. இங்கே வேலை பழகிவிட்டது, வயிறு நிறைகிறது.

அம்மா

பி.கு. என் நாற்காலியை எடுத்துவிட்டு ராயின் கட்டிலை ஜன்னலோரம் போடு. அங்கிருந்து ஆறு நன்றாகத் தெரியும்.