காலருக்கு வடித்த கஞ்சி

அக்கா,

இன்று காலை என் மகனுடைய கோல்ப் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் கஞ்சி டப்பாவில் வருகிறது. தலையை அமுக்கினால் கொசு மருந்துபோலப் பீச்சியடிக்கிறது. காலரில் அடித்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். ஒரு வாடை எழுந்தது. நம் காலத்துக் கரி வாடை அதில் இல்லை. ஆனாலும் கஞ்சி பட்ட துணி சூடேறும்போது வருகிற அந்த வாடை மட்டும் அப்படியே இருந்தது. பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

மகன் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் அதிகாரியாக இருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோல்ப் கிளப்பில் சேர்ந்தான். ஆமாம் அக்கா, அதே கிளப்புதான். துரைமார்கள் போய்விட்டார்கள், இப்போது நம் ஊர் ஆட்களே நடத்துகிறார்கள். உடுப்பு விதியைத் தளர்த்தலாமா என்று அங்கே ஒரு கூட்டம் வரப்போகிறது என்றும், காலர் இல்லாத சட்டையை இளைஞர்கள் கேட்கிறார்கள் என்றும் போன வாரம் சாப்பிடும்போது சொன்னான்.

“நீ என்ன சொல்லப் போற?” என்று கேட்டேன்.

“விடக்கூடாதும்மா. இன்னிக்குக் காலர் வேணாம்பான், நாளைக்கு செலிப்பார் செருப்பு போட்டுக்கிட்டு வருவான். கண்டவன்லாம் உள்ள வந்துட்டா அப்புறம் என்னா ஸ்டாண்டர்ட் இருக்கு? ஒரு மரியாதை வேணும்லா.”

நான் ரசத்தை ஊற்றினேன். அவன் கெட்டவன் இல்லை அக்கா. யாரை மனதில் வைத்துக் ‘கண்டவன்’ என்கிறான் என்பது அவனுக்கே தெரியாது. எனக்குத் தெரிந்ததால் முகம் சுட்டது.

போன தீபாவளிக்கு அந்த கிளப்புக்கு விருந்துக்கு அழைத்துப் போனான். பட்டுச்சேலை, புதுச் செருப்பு. காரைவிட்டு இறங்கியதும் என் கால்கள் தாமாகவே கட்டடத்தின் பின்பக்கம் திரும்பிவிட்டன. “அம்மா, வழி இந்தப் பக்கம்” என்று மருமகள் கையைப் பிடித்துத் திருப்பினாள். இருட்டில் வழி தெரியவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பின்பக்கம்தானே நம் பக்கம். சமையல்கட்டைத் தாண்டி, ஓடைக்கரையில், தகரம் போட்ட டோபிக் கொட்டகை. உங்கள் வீட்டுக்காரர் காய்ச்சலில் போன பிறகு நீங்கள் அந்தச் சலவை வேலைக்குப் போனீர்கள். ஒற்றை ஆளாக முடியவில்லை என்று, ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த என்னையும் கூப்பிட்டுக்கொண்டீர்கள். எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. நாலா பக்கத் தோட்டத்துத் துரைமார்களின் சட்டையும் கால்சட்டையும் அங்கே வரும். பந்தடிக்கத் திடலில் இறங்க வேண்டுமென்றால் காலர் வைத்த வெள்ளைச் சட்டை, மடிப்புக் குலையாத அரைக்கால்சட்டை, முழங்கால்வரை காலுறை. சாயங்காலம் உள்ளே உட்காரக் கழுத்துப்பட்டையும் வேண்டும்.

அவசரகாலம் அது. வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுக் காட்டுக்காரர்கள் ரோட்டில் மறைந்திருந்து சுடுகிறார்கள் என்று துரைமார் எல்லாரும் இடுப்பில் துப்பாக்கியோடுதான் வருவார்கள். துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டுக் குடிப்பார்களாம். காலுறை இல்லாமல் வந்த ஒரு சின்னத் துரையை மட்டும் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள் என்று சமையல்காரர் வந்து சொன்னார். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

“துப்பாக்கி இருந்தா பரவால்லியாம் புள்ள. ஸ்டோக்கிங் இல்லாட்டிதான் ஆபத்தாம்!”

அந்தச் சின்னத் துரை, சண்டை நடக்கிற காலத்தில் இந்த விதியையெல்லாம் கொஞ்சம் தளர்த்தக் கூடாதா என்று கேட்டாராம். அதைக் கேள்விப்பட்டதும் உங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. “அப்புடி ஏதும் செஞ்சிடப் போறாங்க புள்ள. கசங்குன சட்டையோட பந்தடிச்சா நமக்கு ஏது வேலை?” என்றீர்கள். வேலையில் உங்களுக்கு ஒரு கர்வமும் இருந்தது. மடித்த காலரை நகத்தால் சுண்டிப் பார்ப்பீர்கள். ‘டக்’கென்று கேட்டால்தான் கூடையில் வைப்பீர்கள்.

பிறகு நாம் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. வெளியே போக ஒரே ஒரு கேட்டு. காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று சாப்பிடுகிற எதையும் வெளியே கொண்டுபோகத் தடை. பால்மரம் வெட்டப் போகிறவர்களுக்குக்கூடக் கட்டுச்சோறு கிடையாது. அகப்பட்டால் சிறை, எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெண்களைச் சோதிக்க டவுனிலிருந்து ஒருத்தியைக் கொண்டுவந்து வைத்தார்கள். கொண்டையைத் தொட்டுப் பார்ப்பாள், முந்தானையை உதறச் சொல்வாள். தினமும் காலையில் குனிந்த தலையோடுதான் அந்தக் கேட்டைத் தாண்டினோம்.

அதுவரை வீட்டில் சோறு வடித்த கஞ்சியைத்தான் தூக்குச்சட்டியில் ஊற்றி ஓடைக்கரைக்குக் கொண்டுபோவோம். தடை வந்ததும் கிளப் செகரெட்டரித் துரை கடையிலிருந்து ஏதோ மாவு வரவழைத்துக் கொடுத்தார். காலர் தொய்ந்து போயிற்று. சட்டைகளைத் திருப்பி எறிந்து, “பழைய மாதிரிதான் வேண்டும்” என்றார். கேட்டில் விடமாட்டார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார், பேசவும் செய்தார். காவலுக்கு இருந்தவர்கள் சட்டியை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

பங்கீட்டு அரிசி பாதியாகக் குறைந்திருந்த நேரம் அது. சோறு பற்றாது. வடித்த கஞ்சியில் பாதியை உப்புப் போட்டு மகளுக்குக் கொடுப்பீர்கள். மீதிப் பாதி கிளப்புச் சட்டைக்கு. “காலரும் குடிக்குது, எம் மவளும் குடிக்குது” என்று ஒருநாள் சொன்னீர்கள். அன்று நீங்கள் சிரிக்கவில்லை.

ஒரு காலையில் கேட்டுக் காவலை மொத்தமாக மாற்றிவிட்டார்கள். வந்தவர்களுக்கு நம்மைத் தெரியாது. சட்டி மூடியைத் திறந்த மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன், “இனி நாசி” என்று கத்தினார். அவர் மொழியில் ‘இது சோறு’. அப்படித்தான் அவருக்குப் பட்டது. உங்களையும் என்னையும் ஓரமாக நிறுத்தினார்கள். வேலைக்குப் போகிற அத்தனை சனமும் பின்னால் நின்றது. கேட்டருகே இடுப்பளவு ஓலை மறைப்பு ஒன்று இருந்தது. அதற்குள் வைத்து, சோதிக்க வந்திருந்த புதியவள் கொசுவத்தை அவிழ்த்து உதறச் சொன்னாள். நீங்கள் முதலில் அவிழ்த்தீர்கள். எனக்கு முறை வந்தபோது உங்கள் முந்தானையை இரு கையாலும் விரித்து என்னை மறைத்து நின்றீர்கள். நம் ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரப்பர் மரங்களைப் பார்த்தார்கள். பார்த்திருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்குமா, தெரியவில்லை.

சோதித்தவளுக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. முதல் நாள் இஸ்திரி போட்டு அடுக்கிய கூடையைச் செம்மண்ணில் கவிழ்த்தாள்.

ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி வந்தார், சின்ன வயசு. யாரோ சொல்லி செகரெட்டரித் துரையும் ஜீப்பில் வந்து இறங்கினார். அவர் முதலில் பார்த்தது மண்ணில் கிடந்த சட்டைகளை. சனிக்கிழமை பந்தயம் இருந்தது. அவிழ்ந்த சேலையைச் சுருட்டிப் பிடித்தபடி நின்ற நம்மை அப்புறம்தான் பார்த்தார். இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியைக் கூப்பிட்டு உங்களிடம் கேட்கச் சொன்னார்கள்.

கிராணி பக்கத்தில் வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “இந்தா பாரு. இது சாப்பாடுன்னா உன்னை இப்பவே ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்க. சலவைக்குன்னா விட்டுருவாங்க. சாப்பாடா, சலவைக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

நீங்கள் யோசிக்கவே இல்லை. “சலவைக்குத்தாங்க” என்றீர்கள்.

அதிகாரிக்கு அது போதவில்லை. இதை யாரும் குடிக்க மாட்டார்களா என்று கேட்கச் சொன்னார்.

“இல்லீங்க ஐயா. இத மனுசங்க குடிக்க மாட்டாங்க.”

கிராணி அதை ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி சட்டிக்குள் எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்துச் சிரித்தார். செகரெட்டரித் துரையும் சிரித்தார். பின்னால் நின்ற சனத்திடம் ஒரு சத்தமும் இல்லை. அன்று காலை அதைக் குடித்துவிட்டு வந்தவர்கள்தானே எல்லாரும். வேலிக்கு உள்ளே, பக்கத்து வீட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் மகள் நின்றுகொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது இருக்கும்.

விட்டுவிட்டார்கள். மண்ணான சட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு ஓடைக்குப் போனோம். அத்தனையும் மறுபடி வெளுத்து அந்தக் கஞ்சியையே போட்டோம். சாயங்காலம் உங்கள் வீட்டில்தான் இருந்தேன். மிச்சம் வைத்திருந்த கஞ்சியைச் சூடாக்கி மகளிடம் நீட்டினீர்கள். அவள் கிண்ணத்தை வாங்கவில்லை. உங்கள் முகத்தையே பார்த்தாள்.

“நாமல்லாம் மனுசங்க இல்லியாம்மா?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நீங்கள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டீர்கள். குழாயடியில் உங்களைப் பிடித்தேன்.

“பொய்தானேக்கா. சொல்லலேன்னா இந்நேரம் ஜெயில்ல இருப்பீங்க.”

“தெரியும் புள்ள. உசுருக்குப் பயந்து ஆயிரம் பொய் சொல்லலாம். இந்த ஒண்ண எம் மவ கேட்டுட்டா.”

அதற்குப் பிறகு நீங்கள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சனிக்கிழமை பந்தயம் நடந்தது. சட்டைகள் திடலில் பளபளவென்று இருந்தன என்று சமையல்காரர் வந்து சொன்னார். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு மறுபடி பால்மரம் வெட்டப் போனீர்கள். சோற்றை வடிக்காமல் பொங்கிவிடுவதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஏன் என்று அவர்கள் கேட்டபோது சிக்கனம் என்று நான்தான் சொன்னேன்.

கூட்டம் நேற்றுச் சாயங்காலம் முடிந்தது. மகன் வந்து சாவியை மேசையில் போட்டான். “பாஸ் ஆயிடுச்சும்மா. காலர் கட்டாயம் இல்ல. செலிப்பாருக்கு மட்டும் தடை.” நீ எந்தப் பக்கம் என்று கேட்டேன். “எதிர்த்துத்தான் கை தூக்கினேன்” என்றான்.

அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். பல தடவை வாயெடுத்திருக்கிறேன். ஓலை மறைப்புக்குள் நின்றதை எந்த வார்த்தையில் பெற்ற மகனிடம் சொல்வது? நாம் ஒரு தப்பும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வெட்கம் போகவில்லை. சிரித்தவர்கள் கப்பலேறிப் போய் எவ்வளவு காலமாயிற்று! அவர்களில் ஒருவருக்காவது ஒரு நாளாவது கூசியிருக்குமா? அந்தப் பங்கையும் சேர்த்து நாம்தான் பட்டோம்.

உங்களிடம் சொல்ல ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன வருஷம் சுங்கை ரம்பாயில் உங்கள் கருமக்கிரியை முடிந்த அன்று, சனமெல்லாம் போன பிறகு, உங்கள் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள், முன்நெற்றி முடியெல்லாம் நரை. உங்களைப்பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். திடீரென்று கேட்டாள்:

“சின்னம்மா, அம்மா ஏன் கடைசிவரைக்கும் வீட்ல கஞ்சியே வடிக்க விடல? உடம்பு முடியாம கெடந்தப்பகூட வேணாம்னுட்டாங்க. உங்களுக்காவது தெரியுமா?”

அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். ஒளிவுமறைவு இல்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை.

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அவளுக்கு எதுவுமே ஞாபகம் இல்லை, அக்கா.