பெயர் கேட்ட பக்கம்

மார்ச் 3, திங்கள்

அலுவலகத்தில் கூட்டம். பார்வையற்றோருக்காக நாங்கள் இலவசமாகக் கொடுக்கும் வாசிப்பு மென்பொருளை இனிமேல் சும்மா இறக்கிக்கொள்ள முடியாதாம். பெயர், ஊர், தொலைபேசி எண் பதிந்தால்தான் கிடைக்கும்.

"யாரு பயன்படுத்துறாங்கன்னு நிதி கொடுக்கிறவங்க கேக்குறாங்க. காத்துல போச்சுன்னா சொல்ல முடியும்?" என்றார் இயக்குநர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எதிர்ப்பது என் வேலை என்றே ஆகிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் புயல் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நிரல் எழுதுகிறவள், அவள் வேகத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. "காய்ச்சலும் இல்ல. அப்புறம் ஏன் மேடம் சண்டை போடல?"

என்ன சொல்வது? அண்ணன் பெயர் அந்தப் பதிவுகளில் வருமா என்று பார்க்கத்தான் என்றா?

மார்ச் 6, வியாழன்

அண்ணனுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. அப்பா போன பிறகு நான்தான் பார்த்துக்கொண்டேன் – அப்படித்தான் நினைத்திருந்தேன். "நீ என்னைப் பாத்துக்கல, காவல் காக்குற" என்று சொல்லிவிட்டு வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டான். சித்தப்பா மகன் மூலம் எப்போதாவது ஒரு வரி வரும்: நல்லா இருக்கானாம். எங்கே என்று சொல்லக் கூடாதாம்.

எங்கள் மென்பொருள் பேசுவது என் குரலில். அவன் அதை வைத்திருந்தால் தினமும் என்னைக் கேட்கிறான். வைத்திருக்கிறானா என்று தெரிந்தால் போதும். வேறொன்றும் வேண்டாம்.

பொய். ஊரும் எண்ணும் வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

பதிவுப் பக்கம் திறந்தாயிற்று. காலையில் வந்ததும் காபி ஆறிப்போகும்வரை பெயர்களைப் படிக்கிறேன். ஆசிரியர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், ஒரு கண் மருத்துவர்.

மார்ச் 17, திங்கள்

இல்லை.

மார்ச் 19, புதன்

பார்வையற்ற இசை ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். புதுக் கணினிக்கு எங்கள் மென்பொருள் வேண்டும்.

"சிநேகிதர் கணினியில உட்கார்ந்து, உங்க மென்பொருளே வாசிச்சுச் சொல்ல, எல்லாத்தையும் நிரப்பிட்டேம்மா. கடைசியில 'படம்'னு சொல்லிட்டு அது வாயை மூடிக்கிச்சு. பக்கத்து வீட்டம்மா வந்து பாத்தாங்க. கோணல்மாணலா எழுத்து இருக்காம். அதைப் படிச்சு அடிச்சாத்தான் நான் மனுஷன்னு நம்புவீங்களாம். அதைப் படிக்க முடிஞ்சா உங்ககிட்ட எதுக்கும்மா வரேன்?"

அந்த அம்மாவையே அடிக்கச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"இத்தனை நாள் யார் கையையும் எதிர்பாக்காமத்தானே எடுத்துக்கிட்டேன்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் காது சுட்டது. நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தைச் சோதித்தோம் – எல்லோரும் கண்ணைத் திறந்துகொண்டு! இத்தனை நாளும் நான் யார் பெயர்களுக்குள் அவனைத் தேடினேன்?

மார்ச் 20, வியாழன்

"படத்தை மட்டும் தூக்கிடுறேன். பதிவு இருக்கட்டும்" என்றாள் புயல். அரை மணியில் முடித்தும் விட்டாள். திரையை அணைத்துவிட்டுச் சோதித்தேன்.

உங்கள் பெயர், என்றது என் குரல். உங்கள் ஊர். உங்கள் தொலைபேசி எண்.

அடுத்த கட்டத்துக்குப் போக விரல் வரவில்லை. எங்கே இருக்க, யாரோட பேசின, எப்ப வருவ – அண்ணனிடம் நான் கேட்டதும் இதே தொனிதானே? அவன் இங்கேயே எழுந்து போயிருப்பான்.

புயலிடம் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அவள் என் கூடவே இயக்குநர் அறைக்கு வந்தாள்.

"பதிவையே முழுசா எடுக்கணுமா? அன்னைக்கு ஊமையா உட்கார்ந்துட்டு இன்னைக்கு வந்து நிக்கிறீங்களே!" என்றார்.

"அன்னைக்கு எனக்கும் அந்தப் பேரெல்லாம் வேண்டியிருந்தது, சார்."

நிதிக்காரர்களிடம் நானே பேசுவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் தலையசைத்தார்.

ஏப்ரல் 2, புதன்

பக்கத்தில் இப்போது ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் இறங்கிவிடும். இதுவரை வந்த பெயர்களையும் அழித்துவிட்டோம். இசை ஆசிரியர் பக்கத்தை மாற்றிய மறுநாளே எடுத்துக்கொண்டு, குரல் கொஞ்சம் கறாராக இருப்பதாகக் குறை சொன்னார்.

நிதிக்காரர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை.

மாலையில் கிளம்பும்போது புயல் கேட்டாள்: "உங்க அண்ணன் எடுத்திருப்பாரா மேடம்?"

"எடுத்திருப்பான்."

"எப்படிச் சொல்றீங்க? எதுக்கெடுத்தாலும் ஆதாரம் கேக்குற ஆளாச்சே நீங்க."

ஆதாரம் இல்லை என்றேன். எடுத்திருப்பான் என்று மறுபடியும் சொன்னேன்.