பாட்டு நின்ற எட்டு வினாடி

தூத்துக்குடி

அன்பு மகள் அனுஜாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், என் சர்க்கரை என்னைவிட நலமாக ஏறிய இடத்திலேயே இருக்கிறது. மெல்போர்னில் நீ சுகமாக இருக்க மாதாவிடம் தினமும் சொல்லிவைக்கிறேன். தெருவில் குழாய் பதிக்க மறுபடியும் தோண்டிவிட்டார்கள், போன முறை பதித்த குழாயைத் தேடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அம்மாவின் வருடப் பூசைக்குச் சாமியாரிடம் எழுதிக் கொடுத்தாயிற்று. அதற்குள் அம்மா நடப்பதும் பேசுவதும் உனக்கு வேண்டும், அதில் பிரைட்டன் ஓர் இடத்திலும் இருக்கக் கூடாது என்று போனில் சொன்னாய். அம்மா அசைகிற படம் இந்த வீட்டில் உன் கல்யாண காசெட் ஒன்றுதான். அதிலிருந்து மாப்பிள்ளை பிரைட்டனை எடுக்கச் சொல்கிறாய். பிரியும்வரை அவனோடு நீ பட்டது தெரியும், அதனால் நான் மறுபேச்சுப் பேசவில்லை.

காசெட் ஓட்டும் கருவி ஏரலில், அம்மாவோடு வேலை பார்த்த ஜெயபாய் டீச்சர் வீட்டில் கிடைத்தது. பிளாரன்ஸ நானும் ஒருதடவ பாக்கணும் அண்ணாச்சி, எனக்கும் ஒண்ணு போட்டுத் தாங்க என்று அம்மாவை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காசெட்டைக் கணினியில் ஏற்ற இலவச மென்பொருள் எது நல்லது என்று கம்ப்யூட்டர் கடை வேல்ராஜிடம் கேட்டேன். எல்லாம் ஃப்ரீதான் அண்ணாச்சி, எறக்கிப் பாருங்க, பெறவு தெரியும் என்றான். தெரிந்தது. முதலாவது மென்பொருள் தன் பெயரை அம்மாவின் முகத்துக்குக் குறுக்கே போட்டது. இலவசமாகக் கொடுப்பவர்கள் தங்கள் படத்தை ஒட்டிக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல, ஆனால் அவர்கள் மிக்ஸியில் ஒட்டினார்கள். இரண்டாவது, பத்து நிமிடத்துக்கு மேல் சேமிக்க மாட்டேன் என்றது. மூன்றாவதன் நிபந்தனைகளை முழுக்கப் படித்தேன், முப்பது வருடம் ஷிப்பிங் ஆபீசில் பொடி எழுத்துப் படித்த கண். யாரும் பயன்படுத்தலாம், யாரும் மாற்றலாம், ஒன்றும் தர வேண்டாம், ஆனால் எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பில்லை என்று இருந்தது. உன் கல்யாணத்தின்போது யாரும் நம்மிடம் இவ்வளவு நேர்மையாக எழுதிக் கொடுக்கவில்லை. அதையே வைத்துக்கொண்டேன்.

மூன்று மணி நேரக் காசெட் உள்ளே ஏற மூன்று மணி நேரம் ஆகிறது, அவசரப்படுத்த வழியில்லை, உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். பிறகு பிரைட்டன் வருகிற இடத்தையெல்லாம் வெட்டினேன். அம்மா இருப்பது நாலு நிமிடம் மிஞ்சியது. அன்று முழுவதும் அம்மா அவன் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள், நமக்குத்தான் ஞாபகமில்லை. அந்த நாலு நிமிடத்திலும் அவள் பேசுவது கேட்காது, ஸ்டூடியோக்காரர் காசெட் முழுக்கச் சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டார். வெட்டிப் போட்டதில் ஒரே ஓர் இடத்தில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு எட்டு வினாடி ஆகிறது. அதில் அம்மா பேசுகிறாள். மாப்ளே, சாப்பிடாம நிக்கியளே, இங்கன வந்து உக்காருங்க.

அனுஜா, இதையும் உனக்காக வெட்டிப் பார்த்தேன். மாப்ளே என்ற சொல் அரை வினாடி, சுத்தமாக வந்துவிட்டது. மீதியை உன்னிடம் சொன்னதாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் அம்மா உன்னை என்றைக்கு நிக்கியளே என்றாள்? ஏளா, சாப்பிடாம என்ன நிக்க என்பாள். அந்த மரியாதை வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வாலை வெட்டினால் அம்மா பாதிச் சொல்லில் நின்றுபோகிறாள். கடைசி நாளில் ஒருமுறை அப்படி நின்றவளைப் பார்த்தாயிற்று, மறுபடியும் என்னால் முடியாது. நாற்பது வருடம் நம்மோடு பேசியவளின் குரலில் மிஞ்சியிருப்பது அவனிடம் பேசியது மட்டும்தான். எனக்கும் அதில் ஒரு சொல் இல்லை.

அதனால் நாலு நிமிடத்தோடு இந்த எட்டு வினாடியை முழுசாகச் சேர்த்துப் பென் டிரைவில் போட்டு அனுப்புகிறேன். அவன் அதில் தெரிகிறான். கோபப்படுவாய். குரலை அப்படியே விட்டுவிட்டுப் படத்தை மட்டும் கறுப்பாக்கவும் மென்பொருளில் வழி இருக்கிறது, செய்து பார்த்தேன். இருட்டுக்குள்ளிருந்து அம்மா பேசுவதை என்னால் தாங்க முடியவில்லை. அந்த வேலையை உன்னிடமே விடுகிறேன், அந்த இடம் வரும்போது நீ கண்ணை மூடிக்கொள் மகளே.

வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே. பென் டிரைவ் கைக்கு வந்ததும் முதல் காரியமாக இன்னொரு பிரதி எடுத்துவை. ஆண்டவர் உன் தனிமைக்குத் துணையாக இருக்கட்டும்.

உன் அப்பா,
மனுவேல்