இழுக்கிற வண்டி

என் சின்னவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அவரவர் உடம்புக்குத் தக்க அளவில் எல்லோரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் எங்களைவிட ஒரு பங்கு கூடுதலாகவே சுகமாயிருக்க வேண்டும். அப்பா உயிரோடுதான் இருக்கிறார், காலையில் போட்ட காபியைக் குடித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார், அதை நம்பிக்கொண்டு மிச்சத்தைப் படி. உன் அண்ணன் போனில் பேசி அனுப்பிய சேதியில், இன்னும் இழுத்துக்கிட்டுதான் இருக்கு, இந்த வாரத்துல முடிஞ்சிடும்னு நெனக்கிறேன் என்று சொன்னானாமே, அது வண்டி வாங்குகிற விஷயமடி. நீ அங்கே அழுது புரண்டு, மாப்பிள்ளை ஆபீசில் லீவு கேட்டு, டிக்கெட் வரைக்கும் போய்விட்டீர்கள் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமலே பேசுவது அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே வழக்கம். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து, ஒடஞ்சிருச்சும்மா என்பான், கையா சிலேட்டா என்று நான்தான் பதற வேண்டும். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் அண்ணி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிடுவாள், வீடே கேட்கும். அதனால் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து இந்த வீட்டில் இழுக்கிற பேச்சுத்தான். அண்ணனுடைய பழைய வண்டி உயிரை விட்டது உனக்குத் தெரியும். அதன் பின்னால் ஜெனரேட்டரைக் கட்டி மண்டபம் மண்டபமாக இழுத்துக்கொண்டு போய் வாடகைக்கு விட்டுத்தான் இத்தனை பேரும் சாப்பிடுகிறோம். இப்போது அவனுக்கு என்ன ஆசை என்றால், ஒரே வண்டி, ஜெனரேட்டரையும் இழுக்கணும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடணும், அப்பாவைக் கைகால் பயிற்சிக்கும் கூட்டிப் போகணும். மூணு வரிசை சீட்டு, ஏழு பேர் உட்காரலாம், கப்பல் மாதிரி வண்டி. எதிர்வீட்டு மெக்கானிக், அதுதான் நாம் கிரீஸ் என்று கூப்பிடுவோமே, அவரும் வந்து உட்கார்ந்து, ஏழு பேரையும் ஏத்திக்கிட்டு அந்த எமனையும் இழுக்கணும்னா சின்ன வண்டியெல்லாம் மூச்சு வாங்கும் அண்ணே, பெருசுக்குப் போயிடுங்க என்று வேதம் ஓதுகிறார். உன் அண்ணி துணி காயப்போடுகிற கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய் வாசல் கேட்டை அளந்தாள், பக்கக் கண்ணாடியை மடக்கினால் வண்டி நுழையுமாம். நீயும்தான் அங்கிருந்து, பெருசா வாங்குங்க, பெருசுதான் பாதுகாப்பு என்று சொன்னாய். அதையும் நான் மறக்கவில்லை, சொல்லிவைக்கிறேன்.

ஏழு பேர் என்கிறார்களே, நானும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், நாங்கள் ஏழு பேர்தான், சரியாக இருந்தது. அப்பாவின் சக்கர நாற்காலியை யாரும் எண்ணவில்லை. அதை ஏற்ற வேண்டுமென்றால் கடைசி வரிசையை மடக்கிவிட வேண்டுமாம், மடக்கினால் ரெண்டு இடம் போச்சு. அப்போது யார் இறங்குவது என்று கேட்டால் உன் அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல், நீயும் கடைக்குட்டியும் வாடகைக் கார்ல பின்னாடியே வந்துடுங்கம்மா என்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. பெரிய அத்தை மகள் கல்யாணத்துக்கு எல்லோரும் வேனில் போனபோது, உன் சித்தப்பா கோடு போட்ட நீலச் சட்டை போட்டுக்கொண்டு கதவில் கையை வைத்து மறித்து, எடம் இல்ல அண்ணி, நீங்க பஸ்ல வந்துடுங்க என்றார். உள்ளே அவருடைய ஆர்மோனியப் பெட்டிக்கு ஒரு சீட்டு இருந்தது. நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் நின்றுகொண்டே போனேன். நீ கைக்குழந்தை, உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. இன்றைக்கும் அவர் வந்தால் காபி கொடுக்கிறேன், சர்க்கரை மட்டும் ஒரு கரண்டி குறைத்துத்தான். அதனால் உன் அண்ணனிடம், எதுக்குடா வாடகைக் கார், என்னையும் ஜெனரேட்டரோட சேத்துக் கட்டி இழுத்துக்கிட்டுப் போ என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

எனக்கு இடம் இல்லாதது பெரிய விஷயமில்லை என்று வைத்துக்கொள். நான் கூட இல்லாவிட்டால் அப்பா பேசுவது யாருக்குப் புரியும்? வாய் கோணிப்போனதிலிருந்து அவர் பேச்செல்லாம் ஊவென்றும் ஓவென்றும்தான் வெளியே வருகிறது, இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்த பழக்கத்தில் எனக்கு மட்டும் சொல்லாக விழுகிறது. போன வாரம் கடைக்கு வண்டி பார்க்கப் போனபோதும் அப்படித்தான். கண்ணாடி மாதிரி தரை, வழுக்கிவிடுமோ என்று அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அங்கே ரெண்டு வண்டி பார்த்தோம். ஒன்று தாழ்வான வண்டி, கதவு பக்கவாட்டில் சர்ரென்று நகர்கிறது, உள்தரை நம் வீட்டு வாசற்படி உயரம்தான். அப்பா என் தோளில் கையை வைத்தார், காலை எடுத்து வைத்தார், உட்கார்ந்துவிட்டார். நாற்காலி வைக்கவும் பின்னால் தாராளமாக இடம், எல்லோருக்கும் சீட்டும் இருக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அது ஜெனரேட்டரை இழுக்காதாம். இன்னொன்று அந்தக் கப்பல். கறுப்பு நிறம். என்னைக் கடைசி வரிசையில் ஏற்றிப் பார்த்தார்கள், முழங்கால் வந்து தாடையில் இடித்தது, நம் கடைக்குட்டி வாயாடி, பாட்டி, இது ஒன்ன மாதிரி குள்ளச்சிக்குன்னே செஞ்ச சீட்டு என்கிறாள். அப்பாவுக்கு அதன் பக்கப்படியே எட்டவில்லை. பஸ் ஓட்டின காலத்தில் கம்பியை ஒரு பிடி, ஒரு துள்ளு, அடுத்த மூச்சில் சீட்டில் இருப்பாரே, அந்த மனுஷன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நிற்கிறார், கால் எழும்பவே இல்லை. விற்கிறவர் நல்ல மனுஷர், போனில் எதையோ பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். உன் அண்ணன் ஓடிப்போய், ரெண்டு பேர் தூக்கினா போதும்ப்பா என்று இடுப்பில் கை கொடுத்தான், அப்பா நல்ல கையால் உதறிவிட்டார். நான் என்ன சரக்கா என்று கேட்டார். ஸ்டூல் போடலாமே என்று நானும் சொன்னேன், போட்டும் பார்த்தார்கள், அது ஆடுகிறது, அது ஆடினால் இவர் ஆடுகிறார்.

கடைசியில் உன் அண்ணன் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எது வேணும்ப்பா, நீ சொல்றதுதான் என்றான். அப்பா சொன்னார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், அப்பா என்ன சொல்றாரும்மா என்று. இழுக்கிறதை வாங்கு, என்னைப் பாக்காதே என்று சொன்னார் சின்னவளே. வேறு யாருக்கும் புரியவில்லை, எனக்கு மட்டும்தான். அந்தத் தாழ்வான வண்டியைக் கேக்குறார்டா என்று நான் சொல்லியிருந்தால் முடிந்தது, என்னை மறுத்துச் சொல்ல அங்கே ஒருவரும் கிடையாது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பில் எது எது போனாலும் அந்தக் கண் போகவில்லை. இனி நானும் அவர் சொன்னதை மாற்றிச் சொன்னால் இந்த மனுஷனுக்கு யார் இருக்கிறார்கள்? சொன்னதைச் சொன்னபடியே சொல்லிவிட்டேன். உன் அண்ணன் எழுந்து போய் சுவரைப் பார்த்து நின்றான். உன் அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், அவள் அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான், அதையும் நினைவில் வைத்திருக்கிறேன். கறுப்பு வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. வியாழக்கிழமை வருகிறது. பின்னால் மாட்டுகிற கொக்கியைக் கிரீஸ் இப்போதே கொண்டுவந்து மாடிப்படிக்கடியில் வைத்துவிட்டார், தினமும் என் கால் அதில்தான் இடிக்கிறது.

இப்போது வீட்டில் நடப்பதைக் கேள். குளியலறை கட்டியதில் மிஞ்சிய செங்கல் பின்பக்கம் கிடந்ததல்லவா, அப்பா பெரிய பேரனை விட்டு அதைக் கொண்டுவரச் சொன்னார். மூணு செங்கல்லை ஒன்றின்மேல் ஒன்று படுக்கவைத்தால் அந்த வண்டியின் படி உயரமாம், கடையிலேயே கண்ணால் அளந்து வைத்திருக்கிறார். காலையிலும் சாயங்காலமும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி வைத்துப் பழகுகிறார். ஒன்றில் ஏறிவிட்டார், வேர்த்துக் கொட்ட ரெண்டிலும் ஏறிவிட்டார். மூணாவதில் முடியவில்லை. பயிற்சி சொல்லித்தரும் பெண் என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, ரெண்டே பெருசும்மா, இதுக்கு மேல அந்தக் கால் வராது, விழுந்தா இடுப்பு போயிடும், நீங்கதான் எடுத்துச் சொல்லணும் என்றாள். நான் எங்கே எடுத்துச் சொல்ல. மூணாவது செங்கல்லை எடுத்துத் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அவர் யாரையும் கேட்கவில்லை, என்னைப் பார்த்தார், அவ்வளவுதான், அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. தண்ணீர்கூடக் கேட்கவில்லை. ஊவும் ஓவும்கூட இல்லாத வீட்டில் நான் எப்படி இருப்பேன்? மறுநாள் காலையில் என் கையாலேயே கொண்டுவந்து அந்த ரெண்டின் மேலே வைத்துவிட்டேன். தடுக்கவும் முடியவில்லை, தூக்கிவிடவும் முடியவில்லை, பின்னால் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறேன், அவர் விழுந்தால் என்மேல்தான் விழ வேண்டும், நானும் சேர்ந்துதான் விழுவேன்.

உன் அண்ணனிடம் நீ எதுவும் பேசாதே, அவனும் பாவம், சோறு சரியாக இறங்கவில்லை அவனுக்கு. நீ அங்கே வண்டியில் போகும்போது பேத்தியை முன்சீட்டில் வைக்காதே. அவளுக்குத் தலை காயாமல் பின்னிவிடாதே, போன தடவை படத்தில் பார்த்தேன், ஈரத்தலை. மாப்பிள்ளை கேட்டிருந்த, உன் அண்ணனுடைய சட்டை அளவை எடுத்து அனுப்பும்படி நான் உன் அண்ணியிடம் சொல்லி மூணு மாதம் ஆகிறது, அவள் மறந்துவிட்டாள், நான் மறக்கவில்லை. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல், கைகால் சுகத்தோடு நூறு வயசு இருங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அப்பா என்னிடம் கொடுக்காமல் போனைத் தானே வாங்கிக் காதில் வைத்துக்கொள்வார். ரெண்டு நாளாக ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுகிறார், உன்னிடம் சொல்லத்தான். உனக்கு ஊவு என்றுதான் கேட்கும். அது மூணு. அவர் கால் இன்னும் ரெண்டில்தான் நிற்கிறது. நீ, அப்படியாப்பா, ஏறிட்டீங்களா என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன்னை இடுப்பில் வைத்து நின்றுகொண்டே வந்த
அம்மா